இரண்டு டிக்கெட், ஒரு பயணி

அத்தியாயம் 6

“ரெண்டு டிக்கெட் வாங்கினான். ஆனா படகுல ஏறினது ஒருத்தன்தான்.”

நகசாங் படகுத்துறையில் டிக்கெட் கிழிக்கும் சோய் இதைச் சொல்லிவிட்டு, மிளகாய் உப்பு தொட்ட மாங்காயை இன்னொரு கடி கடித்தாள்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுடி. நீ பாதி நேரம் தூங்கிக்கிட்டேதான் டிக்கெட் கிழிப்ப” என்றாள் பெட்.

“உனக்குப் போய் போன் பண்ணிச் சொன்னேன் பாரு, என் புத்தியைச் சொல்லணும். நீ அனுப்பின போட்டோவுல இருந்த அதே பையன்தான். நேத்து மத்தியானம் வந்தான். பக்கத்து இடத்துல ஒரு வெள்ளைக்காரன் மூட்டையை வைக்கப் போனான். இவன் கையை நீட்டி ‘ஆள் இருக்கு’ன்னான். நானும் பொண்ணு வரும்னு பார்த்தேன், வரவே இல்ல. படகு அப்படியே போயிருச்சு.”

“ஒரு ஆளுக்கு எதுக்குடி ரெண்டு டிக்கெட்? எங்க அண்ணனுக்கே ஒண்ணுதான் போடுறாங்க.”

தன் தொந்தியைத்தான் சொல்கிறாள் என்பது சிசவாத்துக்குப் புரிந்தது. சட்டை செய்யவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஆற்றைப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் எல்லைச் சாவடியில் உட்கார்ந்து பாஸ்போர்ட்டுகளில் முத்திரை குத்தியவர் அவர். இப்போது லாவோசின் பாக்சே ஊரில் ஒரு பஸ் ஆபீஸ் மாடியில் ஒற்றை அறை வைத்துக்கொண்டு, தொலைந்து போனவர்களைத் தேடிக் கொடுக்கிறார். முதுகில் ஒரு பை, சட்டைப் பையில் கொஞ்சம் காசு, இருப்பதிலேயே மலிவான பஸ், மலிவான அறை என்று தாய்லாந்திலிருந்து லாவோசுக்கும் லாவோசிலிருந்து கம்போடியாவுக்கும் போகிற கூட்டத்தில் மாதம் இரண்டு பேராவது தொலைவார்கள். பெரும்பாலும் ஏதாவது ஒரு தீவில் தூளியில் மல்லாந்து கிடப்பார்கள். பெட் அவருடைய உதவியாளர். ஆறு வருஷம் வேன் டிக்கெட் கூவி விற்றவள். வேலையை விட்டாலும் அந்த வாயை மட்டும் விடவில்லை.

இந்த முறை தேடுவது ஃபாய் என்ற இருபத்திரண்டு வயதுப் பெண்ணை. அவளோடு போன தனேத் என்ற பையன் கிடைத்தால் அவளும் கிடைப்பாள். தேடச் சொன்னவள் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். ஃபாயின் அக்கா வன்பென். ஆற்றுக்கு அந்தப்பக்கம் தாய்லாந்தில், உபோன் ரயிலடியில் சுட்ட கோழி விற்கிறவள். அப்பா அம்மா போன பிறகு தங்கையை வளர்த்தது அவள்தான். பன்னிரண்டு நாளாக ஃபாயின் போன் அடிக்கவில்லை. தனேத்தின் போனும் அப்படித்தான்.

“அவ தீவுலதான் இருக்கா” என்றாள் வன்பென். “ரெண்டு டிக்கெட்டுன்னா ரெண்டு பேருதானே? அவ முன்னாடியே போயிருப்பா. சீக்கிரம் படகு சொல்லுங்க.”

படகு கிளம்பியது. ராத்திரி முழுக்கப் பெய்த மழையில் மீகாங் காவி நிறத்தில் அகலமாக ஓடிக்கொண்டிருந்தது. வன்பென் யாரும் கேட்காமலே பேச ஆரம்பித்தாள்.

“எங்க கடைக்கு முன்னாலதான் ரயில் வந்து நிக்கும். பையை மாட்டிக்கிட்டு வெளியூர்ப் பிள்ளைங்க இறங்கி, கோழியைத் தின்னுட்டு, எல்லைக்குப் போற பஸ்ஸைக் கேக்கும். இவ சின்னதுலருந்து அதைப் பாத்துக்கிட்டே வளர்ந்தா. ‘உலகமே நம்ம வாசல் வழியா எல்லை தாண்டுது, நான் மட்டும் கோழிக்கு அடுப்பு ஊதணுமா’ம்பா. போறேன்னு நின்னப்ப வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்.”

“அக்கான்னா திட்டத்தான் செய்வாங்க” என்றாள் பெட்.

“இல்லம்மா. ‘இனி நான் கூப்பிடாம இந்த வாசப்படி ஏறாதே’ன்னு சொன்னேன். அவ அழுதுகிட்டே கிளம்பினா. அவசரத்துல என் செருப்பை மாட்டிக்கிட்டுப் போயிட்டா, மஞ்சப் பூ வச்ச செருப்பு. செருப்பைக் குடுத்துட்டுப் போடின்னு ஒரு வார்த்தை கத்தியிருந்தா திரும்பிப் பார்த்திருப்பா. அதைக்கூட நான் சொல்லல.”

எதிரே தீவிலிருந்து ஒரு படகு வந்து அவர்களைக் கடந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நடுவில் ஓர் இடம் மட்டும் காலியாக இருந்தது. “பாருங்கண்ணே, அடுத்தவன் மடியில உக்காந்தாலும் உக்காருவானுங்க, அந்த இடத்துல உக்கார மாட்டேங்கறானுங்க. ஈரமா இருக்கும்போல” என்று பெட் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக அன்றைக்கு மத்தியானம் அவள் தன்னையே நொந்துகொள்ளப் போகிறாள்.

தீவில் கெசோன் அக்காவின் மூங்கில் குடில் விடுதியில் சமையல் புகை அடங்கியிருந்தது. போட்டோவைப் பார்த்ததும் அவள் இடுப்பில் கை வைத்தாள்.

“அய்யய்யோ, இப்பத்தானே கிளம்பினான். நீங்க வந்த படகுக்கு எதிர்ப்படகு. பாக்சே பஸ்ஸைப் பிடிக்கணும்னான்.”

சிசவாத் பெட்டைப் பார்த்தார். பெட் ஆற்றைப் பார்த்தாள்.

“பொண்ணு?” என்றார் சிசவாத். “கூட ஒரு பொண்ணு இருந்திருக்கணுமே.”

“போன மாசம் கம்போடியா போறப்ப ரெண்டு பேரும் இங்கதான் தங்கினாங்க. சிரிச்சுச் சிரிச்சுப் பேசும், என்கிட்ட மீன் சுத்தம் பண்ணக்கூட கத்துக்கிச்சு. இந்தத் தடவை அது எங்கடான்னு கேட்டேன். ‘கூடத்தான் வந்திருக்கா அக்கா, களைச்சுப் போயிருக்கா’ன்னான். அதே ரூம்தான் வேணும்னு அடம்பிடிச்சான். நோட்டுல பாருங்க, ரெண்டு பேரையும் எழுதியிருக்கான்.”

“நீங்க அதைக் கண்ணால பாத்தீங்களா?”

“இந்தக் காலத்துப் பிள்ளைங்களைப் பகல்ல யார் பாக்க முடியுது? ஆனா என் மனசு ஆறல. காலையில ரெண்டு கிண்ணம் நூடுல் சூப் கேட்டான். ஒண்ணுல கொத்தமல்லி போடாதீங்கன்னான். பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தேன். அந்தக் கிண்ணத்தைத்தான் தொடவே இல்ல. என் சூப்பை இதுவரைக்கும் யாரும் அப்படியே வச்சுட்டுப் போனதில்ல.”

வன்பென் பாய்ந்து வந்து கெசோனின் கையைப் பிடித்துக்கொண்டாள். “கொத்தமல்லி அவளுக்கு ஆகாது! சின்னதுலருந்தே ஆகாது! பாத்தீங்களா சார், இங்கதான் இருந்திருக்கா!” அவள் முகத்தில் பன்னிரண்டு நாளுக்குப் பிறகு ரத்தம் ஓடியது.

சிசவாத் அந்த முகத்தைப் பார்க்காமல் படிக்கட்டடியில் வரிசையாக விட்டிருந்த செருப்புகளைப் பார்த்தார். “செருப்பெல்லாம் பளிச்சுன்னு இருக்கே?”

“மழை நாள்ல நான்தான் காலையில கழுவி வைப்பேன். இல்லன்னா சேறு படியேறி வந்துரும். இன்னைக்குக் காலையில ஒன்பது ஜோடி. எட்டு ஜோடியும் ஒரே சேறு. அந்தப் பொண்ணோட மஞ்சப் பூச் செருப்பு மட்டும் அடியில பொட்டுச் சேறு கிடையாது.”

“துறையிலருந்து இங்க வர கால் மணி நேரம் சேத்துல நடக்கணும்” என்றார் சிசவாத் மெதுவாக.

“இன்னொண்ணு” என்றாள் கெசோன். “சாயங்காலம் வராந்தாவுல உக்காந்து பேசிக்கிட்டே இருந்தான். போன்ல பேசறான்னு நினைச்சேன். கிட்டப் போய்ப் பாத்தா கையில சோத்து உருண்டைதான் இருக்கு.”

சிசவாத் பெட்டை மாமரத்தடிக்கு அழைத்துப் போனார். முதலில் கம்போடிய எல்லைச் சாவடியில் இருக்கும் பழைய சகாவுக்கு போன் போட்டார். இரண்டே நிமிஷம்தான் பேசினார்.

“தனேத் பாஸ்போர்ட்டுல லாவோஸுக்குள்ள வந்த முத்திரை இருக்கு, முந்தாநாள் தேதியில. ஃபாய் திரும்பி வந்ததா ஒரு முத்திரையும் இல்ல. அவ கம்போடியாவை விட்டே வரல, பெட்.”

“அப்ப ரெண்டு டிக்கெட்?”

“படகுல ரெண்டு டிக்கெட், ரூம் நோட்டுல ரெண்டு பேர், சூப்பு ரெண்டு கிண்ணம், வாசல்ல ரெண்டு ஜோடிச் செருப்பு. எல்லாம் ரெண்டு ரெண்டு. எல்லைச் சாவடியில மட்டும் ஒண்ணு. ஏன்னா அங்க மட்டும்தான் ஆளைக் காட்டணும்.” சிசவாத்தின் குரலில் தொழில்காரனின் பெருமை லேசாக எட்டிப் பார்த்தது. “அவ அங்கேயே செத்துட்டா. இவன் அவ உயிரோட கூட வர்ற மாதிரி வழி நெடுக சாட்சி தயார் பண்ணிக்கிட்டு வர்றான். கொத்தமல்லி வரைக்கும் யோசிச்சிருக்கான்னா சாதாரண ஆள் இல்ல.”

பெட்டுக்கு எதுவோ இடித்தது. “அண்ணே, கொன்னவன் எதுக்குச் செத்தவ வீட்டுப் பக்கமா போறான்? எதிர்ப்பக்கமில்ல ஓடணும்?”

“வீட்டுக்குப் போய், ‘பாக்சேயில சண்டை போட்டுட்டு இறங்கிப் போயிட்டா’ன்னு சொல்லுவான். நம்பலன்னா இந்தா டிக்கெட், இந்தா ரெஜிஸ்டர்.”

“கொன்னுட்டானா?”

இருவரும் திரும்பினார்கள். மாமரத்துக்கு அந்தப்பக்கம் வன்பென் நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அவள் முகத்தில் ஓடியிருந்த ரத்தமெல்லாம் வடிந்திருந்தது.

“அவனைப் பிடிச்சதும் அஞ்சு நிமிஷம் என் கையில குடுங்க” என்றாள். “அதுக்கப்புறம் போலீஸ் எடுத்துக்கட்டும்.”

சிசவாத்தின் பழைய பிக்கப் வண்டி அன்றைக்கு ஓடிய மாதிரி என்றைக்கும் ஓடியதில்லை. பாக்சே வரை மூன்று மணி நேரம். பெட் ஒருமுறை வன்பென்னிடம் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வன்பென் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள், குடிக்கவில்லை. வழியில் சிசவாத் இரண்டு போன் செய்தார். ஒன்று, தாய்லாந்து எல்லையான வாங் தாவ் சாவடிக்கு: தனேத் என்ற பெயரில் வருகிறவனை நிறுத்தி வை. இன்னொன்று, பாக்சேயில் போக்குவரத்துப் போலீசாக இருக்கும் மைத்துனனுக்கு: எல்லைக்குப் போகிற ஷேர் வண்டிகளைப் பாலத்துக்கு முன்னால் மடக்கு.

மைத்துனன் வேலையைச் சுத்தமாகச் செய்திருந்தான். மீகாங் பாலம் தொடங்குகிற இடத்தில், இரண்டு பக்கமும் பெஞ்சு போட்ட ஒரு வண்டி ஓரமாக நின்றுகொண்டிருந்தது. டிரைவர் கீழே இறங்கி வெயிலைத் திட்டிக்கொண்டிருந்தான். வண்டியின் பின்பக்கத்தில், முதுகில் பெரிய பையும் மார்பில் சின்னப் பையும் மாட்டிய ஒல்லியான பையன் ஒருவன் பாலத்தைப் பார்த்தபடி நின்றான்.

“ரெண்டு பேரும் இங்கயே இருங்க” என்றார் சிசவாத். யார் கேட்டார்கள்? பிக்கப் நிற்பதற்குள் வன்பென் குதித்துவிட்டாள். பெட் அவள் பின்னால் ஓடினாள். பையனுக்கு நாலடி தூரத்தில் போய் வன்பென் நின்றுவிட்டாள். அவன் பேசுவது காதில் விழுந்தது.

“ஃபாய், பாலம் வந்திருச்சு. போலீஸ்காரர் வண்டியை நிறுத்தியிருக்காரு, பயப்படாதே, இப்ப விட்டுருவாங்க. பெரிய ஆறு. இதைத் தாண்டிட்டா எல்லை, அதைத் தாண்டிட்டா உங்க ஊரு. என் பின்னாலயே வா. தள்ளிப் போயிடாதே.”

பெட்டுக்குப் புரிந்துவிட்டது.

வெளியூரில் செத்தவரை அங்கேயே விட்டு வரக்கூடாது. உடம்பு எரிந்தாலும் உயிர் வழி தெரியாமல் அங்கேயே சுற்றும். போய்க் கூப்பிட வேண்டும். வண்டியில் இடம் போட வேண்டும், சாப்பாடு வைக்க வேண்டும், பாலம் வந்தால் பாலம் என்று சொல்லிக் கூட்டி வர வேண்டும். ஆற்றின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் இது தெரியாத ஒரு ஜீவன் கிடையாது. பெட் தன் அப்பாவையே வியன்டியான் ஆஸ்பத்திரியிலிருந்து அப்படித்தான் கூட்டி வந்தாள். ஆனால் அப்போது பிட்சு இருந்தார், நாலு மாமன்மார் இருந்தார்கள், பேசி அமர்த்திய வேன் இருந்தது, ஒரே பகலில் முடிந்தது. ஒற்றைப் பையன், பிட்சு இல்லாமல், டூரிஸ்டுகளோடு இடிபட்டுக்கொண்டு, பஸ் பஸ்ஸாகப் படகு படகாக இதைச் செய்வான் என்று யாருக்குத் தோன்றும்? காலி இடத்தைப் பார்த்து ஈரமாக இருக்கும்போல என்று சிரித்தேனே, பாவி நான், என்று நெஞ்சில் குத்திக்கொள்ளத் தோன்றியது அவளுக்கு.

சிசவாத் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். அவருக்கும் கேட்டுவிட்டது. நெற்றியில் ஏற்றியிருந்த கண்ணாடியைக் கழற்றி வெறுமனே கையில் வைத்துக்கொண்டார்.

தனேத் திரும்பினான். வன்பென்னைப் பார்த்தான். ஓடவில்லை. அப்படியே ரோட்டில் மண்டியிட்டுக் கைகூப்பினான்.

“அக்கா.”

வன்பென் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அவன் கன்னத்துக்கு வரவில்லை. அவன் மார்பில் மாட்டியிருந்த சின்னப் பைக்கு வந்தது. அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“இதுக்குள்ளயா?”

“ஆமாக்கா.”

“எப்ப?”

“இன்னையோட பதிமூணு நாள். டெங்குக் காய்ச்சல். கம்போடியாவுல, கம்போட்ங்கற ஊர் பக்கம் ஒரு கிராமத்துல இருந்தோம். சாதாரணக் காய்ச்சல்னு ரெண்டு நாள் விட்டுட்டோம். மூணாம் நாள் தோள்ல தூக்கிக்கிட்டு க்ளினிக் போனேன். அங்க ஒண்ணும் செய்ய முடியல. கோயில்லயே எரிச்சுக் குடுத்தாங்க.”

“ரொம்ப வலிச்சுதா அவளுக்கு?”

அவன் பொய் சொல்லப் பார்த்தான். முடியவில்லை. “உடம்பு பூரா வலின்னா. ராத்திரி மட்டும் கொஞ்சம் தூங்கினா.”

“ஒரு போன் பண்ணக் கூடாதாடா படுபாவி?” வன்பென் அலறினாள். வண்டியிலிருந்த கிழங்கட்டைகளெல்லாம் எட்டிப் பார்த்தன. “ஏண்டா போனை அணைச்சு வச்ச?”

“நீங்க கூப்பிட்டுக்கிட்டே இருந்தீங்க. எடுத்தா சொல்லணும். போன்ல சொல்ற விஷயமாக்கா இது? உங்க வாசல்ல வந்து நின்னு சொல்லணும், நீங்க வெட்டினாலும் வெட்டட்டும்னு நினைச்சேன்.” அவன் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். “அவளுக்கு வேற வழி தெரியாதுக்கா. வந்த வழிதான் தெரியும். அதான் அதே பஸ்ஸு, அதே ரூமு, அதே படகு. எல்லையில மட்டும்தான் அவளுக்கு எதுவும் வாங்க முடியல. வரிசையில எனக்கு முன்னால ஒரு ஆள் இடம் விட்டு நின்னேன். பின்னால நின்னவங்க எல்லாம் திட்டினாங்க.”

சிசவாத் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டார். இருபத்தாறு வருஷத்தில் அப்படி எத்தனை வரிசைகளை அவரே அதட்டியிருப்பாரோ.

“வாசல் வரைக்கும்தான் நான் கூட்டிட்டு வர முடியும்” என்றான் தனேத். “கடைசி நாள் சாயங்காலம் சொன்னா. ‘அக்கா கூப்பிடாம நான் படி ஏற மாட்டேன், அது அக்கா சொன்ன வார்த்தை’ன்னா. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. நீங்க கூப்பிடலன்னா என்ன பண்றதுன்னு தெரியாமத்தான் அஞ்சு நாளா வந்துக்கிட்டிருக்கேன்.”

வன்பென் ரோட்டிலேயே உட்கார்ந்து அழுதாள். கோழிக் கடையில் நின்று நின்று உரமேறிய பெரிய பொம்பளை, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதாள். பெட் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே உட்கார்ந்தாள்.

“நான் பெரிய கெட்டிக்காரன்னு நினைச்சுட்டேன், பெட்” என்றார் சிசவாத். “எல்லாத்தையும் சரியாத்தான் எண்ணினேன். என்ன எண்ணுறேன்னுதான் தெரியல எனக்கு.”

டிரைவர் மைத்துனனிடம் வந்து, போகலாமா வேண்டாமா என்று கேட்டான். சிசவாத் கையைக் காட்டி நிறுத்தி, வாங் தாவ் சாவடிக்கு மறுபடி போன் போட்டார்.

“காலையில ஒருத்தனை நிறுத்தி வைக்கச் சொன்னேனே, வேணாம், விட்டுரு... என் தப்புதான்... ஆமா, அந்த வண்டிதான்... எத்தனை பேரா?” அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். “மூணு பேர். வரிசையில கொஞ்சம் இடம் விட்டு நிப்பாங்க. யாரையும் அதட்ட விடாதே.”

வன்பென் எழுந்தாள். சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். வண்டியில் ஏறினாள். பெஞ்சில் தனேத்தின் இடத்துக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதன் கீழே, கால் வைக்கிற இடத்தில், மஞ்சள் பூ வைத்த செருப்பு ஜோடியாக விடப்பட்டிருந்தது. வண்டி பிரேக் போட்டதில் ஒன்று லேசாகத் திரும்பியிருந்தது. வன்பென் குனிந்து அதை நேராக்கினாள். காலி இடத்துக்கு இந்தப்பக்கம் அவள் உட்கார, அந்தப்பக்கம் தனேத் உட்கார்ந்தான்.

கடைசியாக ஏறிய சந்தைக்காரி ஒருத்தி மூங்கில் குருத்துக் கூடையை நடுவில் இறக்கப் போனாள். “கொஞ்சம் நகந்துக்கம்மா, கூடையை வச்சுக்கறேன்.”

“அங்க ஆள் இருக்கு” என்றாள் வன்பென்.

சந்தைக்காரி காலி இடத்தைப் பார்த்தாள். கீழே செருப்பைப் பார்த்தாள். பையனின் மார்பில் இருந்த பையைப் பார்த்தாள். கூடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் இரண்டு கையையும் கூப்பினாள்.

வண்டி உறுமிக்கொண்டு பாலத்தில் ஏறியது. எஞ்சின் சத்தத்தையும் காற்றையும் மீறி, ரயில் நிற்கும்போது கோழி கோழி என்று கூவிப் பழகிய அந்தப் பெரிய குரல் ஆற்றின் மேல் கேட்டது. பெட்டும் சிசவாத்தும் பாலத்தடியில் நின்று கேட்டார்கள்.

“ஃபாய்! பாலம் வந்திருச்சுடி! அக்காதான் கூப்பிடறேன்! படியேறலாம் வா... வீட்டுக்கு வாடி!”